தேவதை கையில் எங்கள் கடிவாளம்

1

1964 அக்டோபர் 17, சனிக்கிழமை. லண்டன். காலை ஐந்து நாற்பதுக்கு எழுந்தேன். கை, கால், முகம் கழுவி ஒளுச் செய்து, விடியல் தொழுகையான சுபுஹு தொழுதேன். சன்னலுக்கு வெளியே மாட்டியிருக்கும் வெப்பமானி நாற்பத்தாறு பாரன்ஹீட் காட்டியது; லேசான மூடுபனி. தேநீர் போட்டு மனைவி ஹலீமாவுக்கு ஒரு கோப்பை மூடி வைத்தேன். மூன்று ஜோடி காலணிகளுக்கும் பாலிஷ் போட்டேன். நேற்றைய நாட்குறிப்பில் விட்டுப்போன ஒரு வரியைச் சேர்த்தேன்: 'சின்ன முதலாளிக்குப் பதில் எழுதியாயிற்று. தபாலில் சேர்க்கவில்லை.' பிறகு அந்தக் கடிதத்தைக் கோட்டின் உள்பைக்குள் வைத்தேன்.

இன்றைய தேதிக்கு எங்கள் வீட்டில் ஒரு பெயர் உண்டு. 1956-இல் இதே தேதியில்தான் நான் டில்பரி துறையில் கப்பலை விட்டு இறங்கினேன். இரண்டு ஆண்டு கழித்து ஹலீமாவும் மகள் மும்தாஜும் வந்தார்கள். அப்போது ஒன்பது வயதான மகள்தான் இந்த நாளுக்குக் 'கப்பல் நாள்' என்று பெயர் வைத்தாள். கப்பல் நாளன்று வீட்டில் பிரியாணி. சாப்பிடும்போது நான் லண்டன் வந்த கதையைச் சொல்ல வேண்டும். சிறுமியாக இருந்தபோது அந்தக் கதையை அவள் விடாமல் கேட்பாள். நான் ஒரு சொல்லை மாற்றினாலும் திருத்துவாள். கடந்த இரண்டு ஆண்டுகளாக நான் கதை சொல்லும்போது மடியில் ஒரு பத்திரிகையை விரித்து வைத்துக்கொள்கிறாள். பதினைந்து வயது. நம் பேச்சில் பாதி அவள் வாயிலிருந்து உதிர்ந்துவிட்டது. அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை; அவளை இங்கே கொண்டுவந்தவன் நான்தான்.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்காக என்னைப் பற்றி ஒரு வரி. நான் திண்டுக்கல் பேகம்பூரில் தோல் பதனிடும் ஒரு தோல்ஷாப்பில் எழுத்தராக இருந்தவன். இப்போது லண்டனில் தோல் ஏலத் தரகர்களின் கிடங்கில் தரம் பிரிக்கிறேன். நம் பக்கம் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் கட்டுக்கட்டாகக் கப்பலில் வரும். கட்டைப் பிரித்து, ஒவ்வொரு தோலையும் விரலால் தடவி, இது முதல் தரம், இது இரண்டாம் தரம் என்று சொல்வது என் வேலை. பழைய தோல்ஷாப்பின் சரக்கையும் நானே பார்த்து ஒப்பமிடுகிறேன். 'தாவூது பார்த்தால் பார்த்ததுதான்' என்று இரண்டு ஊரிலும் சொல்வார்கள். அந்தப் பெயரில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

சின்ன முதலாளியின் கடிதம் வியாழக்கிழமை வந்தது. சென்ற ஆண்டு காலமான தோல்ஷாப் முதலாளி ஹாஜியாரின் மகன் அவர். தோலில் குத்தும் முத்திரைக் கட்டை வெடித்துவிட்டதாம். புதுக் கட்டை வெட்ட வேண்டுமாம். 'சின்னாளப்பட்டி ஆசாரி தானே தேடிவந்து வேலை கேட்கிறார். அத்தா காலத்தில் இடவலம் மாற்றி வெட்டிக் கெடுத்தவர் அவர்தான் என்று இங்கே சொல்கிறார்கள். அந்தப் பேரால் பூட்டுக்கடைக்காரர்களும் அவரிடம் முத்திரை வேலை கொடுப்பதில்லையாம். நீங்கள் அப்போது உடனிருந்தவர். அவருக்குக் கொடுக்கலாமா, வேண்டாமா? ஒரு வரி எழுதுங்கள்.'

என் கோட்டுப் பையில் இருந்த பதில் இதுதான்: 'அது பழைய விஷயம். தங்கள் விருப்பம்போல் செய்யவும்.'

2

பத்து மணிக்கு மும்தாஜோடு அருங்காட்சியகத்துக்குப் போனேன். பள்ளியில் ஒரு வீட்டுப்பாடம்: பழைய செதுக்கோவியம் ஒன்றை நேரில் பார்த்து, அதில் உள்ளவை எவற்றைக் குறிக்கின்றன என்று நான்கு பக்கம் எழுத வேண்டும். அருங்காட்சியகத்தின் மாடியில் ஓர் அறை இருக்கிறது; கேட்டால் பெட்டியிலிருந்து படத்தை எடுத்துவந்து மேசையில் வைப்பார்கள். பதினாறு வயது ஆகாதவர்களுக்குப் பெரியவர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். அதற்காகவே நான்.

பேருந்தில் அவள் சொன்னாள்: "அத்தா, நீங்க சும்மா பக்கத்துல உக்காந்தா போதும். பேச வேணாம்."

"ஏன் பேசக் கூடாது?"

"நீங்க அவங்க ஷூவைப் பாத்து, இது என்ன லெதர்னு கேப்பீங்க."

வாசலில் ஒரு படிவம். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் வழக்கம்போல் காதர் மைதீன் என்று எழுதினேன். வந்த முதல் வாரம் தேசியக் காப்பீட்டு அலுவலகத்தில், 'குடும்பப் பெயர் இல்லாத மனிதன் இருக்க முடியாது' என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். நான்காம் முறை அத்தாவின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அன்று முதல் நான் மிஸ்டர் காதர் மைதீன். ஹலீமா மிஸஸ் காதர் மைதீன். அப்போது எரிச்சலாக இருந்தது. திண்டுக்கல் கடைவீதியைத் தாண்டாத என் அத்தாவின் பெயரை இந்த ஊரில் தினமும் நாலு பேர் மரியாதையோடு சொல்கிறார்கள். அந்தப் படிவத்துக்கு இப்போது நன்றி சொல்கிறேன்.

உள்ளே மேலங்கியைக் கழற்றித் தர வேண்டும்; பேனா கூடாது, பென்சில் மட்டும். நான் சீவிய பென்சில் இரண்டு கொண்டுபோயிருந்தேன். கடிதம் கோட்டோடு வெளியே தொங்கியது. சாம்பல் நிற அங்கி போட்ட முதிய பணியாளர் ஒருவர், கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஒரு பெட்டியைத் திறந்தார்.

பதின்மூன்று அங்குல உயரம் இருக்கும். ஜெர்மானிய நாட்டில் ஏறத்தாழ நானூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் செப்புத் தகட்டில் உளியால் கீறி, கீறலில் மை தேய்த்து, தாளை அழுத்தி எடுத்த படம். பாதிக்கு மேல் ஒரே ஒரு பெண். உடம்பில் துணி இல்லை. முதுகில் இரண்டு பெரிய சிறகுகள். ஒரு சிறு உருண்டையின் மேல் நிற்கிறாள். நமக்கு வலப்புறமாகப் பார்க்கிறாள்; அந்தப் பக்கம் நீட்டிய கையில் மூடி போட்ட பெரிய கிண்ணம். காலுக்குக் கீழே மேகத்தின் மடிப்பு. அதற்கும் கீழே, மிகத் தொலைவில், மலைகளுக்கு நடுவே ஓர் ஊர். ஆறு, பாலம், வீடுகள். நம் மலைக்கோட்டை மேலிருந்து பார்த்தால் தெரியும் திண்டுக்கல் அளவுக்கு வீடுகள் சிறியவை.

மகள் பக்கத்தில் இருந்ததால் முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. சிறகை மட்டும் பார்த்தேன். ஒவ்வோர் இறகுக்கும் தனித்தனிக் கீற்று. முன்வரிசை குட்டை, அடுத்த வரிசை நீளம், ஒன்றன்மேல் ஒன்று ஓடு வேய்ந்தது போல. கொஞ்ச நேரத்தில் கூச்சம் போய்விட்டது. ஏனென்றால் அவள் மயக்குவதற்காக நிற்கும் பெண் இல்லை. வயிறு கனத்து, தொடை பருத்து, பிள்ளை பெற்ற நடுவயதுக்காரி. முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. வேலையில் இருப்பவளின் முகம். அவ்வளவு கனமான உடம்பு அவ்வளவு சிறிய உருண்டையின் மேல் ஆடாமல் நிற்கிறது. அதுதான் இந்தப் படத்தின் அழகு என்று எனக்குத் தோன்றியது.

"இவ ஒரு காடஸ் அத்தா, தேவதை," என்று மும்தாஜ் தாழ்ந்த குரலில் விளக்கினாள். "யாருக்கு என்ன சேரணுமோ அதைக் குடுக்கிறவ. நல்லது செஞ்சவனுக்குக் கப். தலைக்கனம் புடிச்சவனுக்கு மத்த கையில இருக்கிறது. அந்த உருண்டை, எதுவும் நிலையா நிக்காதுங்கிறதுக்கு."

"மத்த கையில என்ன?"

"பாருங்களேன். குதிரைக்குப் போடுறது. தமிழ்ல என்ன?"

பார்த்தேன். கடிவாளம். பணியாளர் தந்த பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். வரைந்தவருக்குத் தோல் தெரியும். வார் எங்கே மடிய வேண்டுமோ அங்கே மடிந்திருந்தது, கனத்தால் எங்கே தொங்க வேண்டுமோ அங்கே தொங்கியது. என்னையறியாமல் எண்ணத் தொடங்கினேன். வார் நான்கு. வளையம் மூன்று. கிண்ணத்தின் மூடிமேல் ஒரு குமிழ்.

பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தேன். அந்த இரண்டு கைகளையும் எனக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான தோலில் அவற்றைக் குத்திய மையைக் கையில் பூசிக்கொண்டவன் நான். எங்கள் தோல்ஷாப்பின் முத்திரையே அதுதான்: ஒரு கையில் கிண்ணம், ஒரு கையில் கடிவாளம். ஒன்பது ஆண்டுகளாக அவை இரண்டு ஆண்களின் கைகள் என்றே நினைத்திருந்தேன்.

3

1955. எங்கள் பழைய முத்திரை இன்னொருவர் முத்திரையைப் போல இருக்கிறது என்று லண்டன் தரகர்கள் எழுதியதால் புது முத்திரை தேவைப்பட்டது. ஹாஜியார் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு ஓர் உறையைத் தந்தார். அதில் கத்தரியால் வெட்டிய இரண்டு தாள் துண்டுகள். ஒன்றில் கிண்ணம் பிடித்த கை. ஒன்றில் கடிவாளம் பிடித்த கை.

"எதுலேருந்து வெட்டுனீக ஹாஜியார்?"

"லண்டன்காரன் அனுப்புன காலண்டரு. மிச்சம் நமக்கு ஆகாதுப்பா," என்றார். பிறகு துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "குடுக்கிற கை ஒண்ணு, புடிச்சு நிறுத்துற கை ஒண்ணு. யாவாரத்துக்கு ரெண்டும் வேணும்ல?"

தேவதையை வெட்டி எறிந்துவிட்டு, அவள் சொல்ல வந்ததை மட்டும் ஹாஜியார் எடுத்துக்கொண்டிருக்கிறார். இன்று பெட்டியைத் திறந்த பிறகுதான் எனக்கு அது புரிந்தது.

துண்டுகளை அட்டையில் ஒட்டி, புகைப்படம் எடுத்து, பதிவுக்காக லண்டனுக்கு அனுப்பினேன். கட்டை வெட்டுவதற்குச் சின்னாளப்பட்டி ஆசாரி. சேலைக் கரைக்கு அச்சுக்கட்டை வெட்டுகிறவர். மயிரிழைக் கோடும் முறியாமல் வெட்டுவார். மெல்லிய தாளில் படத்தை நகலெடுத்து அவரிடம் தர வேண்டியது என் பொறுப்பு.

அங்கேதான் தவறு நடந்தது. அதை நான் ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

முத்திரைக் கட்டையில் படம் இடவலம் மாறி இருந்தால்தான் குத்தும்போது நேராக விழும். கட்டை வெட்டும் எல்லோருக்கும் இது தெரியும். அதனால்தான் ஆசாரி எப்போதும் தாளை முகம் கீழாகத் திருப்பிக் கட்டையில் ஒட்டி, அதன் மேல் வெட்டுவார். எனக்கும் இது ஒரு புத்தகத்தில் படித்துத் தெரிந்திருந்தது. ஆசாரி மறந்துவிடக் கூடாதே என்று, நானே தாளைத் திருப்பி, பின்புறத்தில் தெரிந்த படத்தை வேறொரு தாளில் சுத்தமாக வரைந்து கொண்டுபோனேன். அதாவது அவருக்கு முன்பே நான் ஒருமுறை திருப்பிவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நேர்ப் படந்தானே தம்பி?"

"எல்லாம் சரி பாத்தாச்சு ஆசாரி. வழக்கம்போல வெட்டுங்க."

வழக்கம்போல அவர் திருப்பி ஒட்டினார். நான் ஒரு திருப்பு, அவர் ஒரு திருப்பு. படம் பழைய நிலைக்கே வந்துவிட்டது. கட்டையில் நேராக, குத்தினால் இடவலம் மாறி. மாதிரிக்குக் குத்திய முதல் தாள் என்னிடம்தான் வந்தது. வார் நான்கு, வளையம் மூன்று, குமிழ் ஒன்று என்று எண்ணினேன். ஓரத்தில் 'சரி' என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டேன். எண்ணினேனே தவிர, நான் பார்க்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து லண்டனிலிருந்து கடிதம். பதிவான முத்திரையில் கிண்ணம் வலப்பக்கம்; வந்த தோல்களில் இடப்பக்கம். யாரோ போலி முத்திரை குத்திய சரக்கு என்று வாங்குபவர்கள் சந்தேகப்படுகிறார்கள்; ஏலத்திலிருந்து எடுத்துவிட்டோம், துறைமுகக் கிடங்கில் கிடக்கிறது. கடிதத்தைப் படித்துக் காட்டியபோதே எனக்கு விளங்கிவிட்டது. ஹாஜியார் ஆசாரியை வரச்சொன்னார்.

"என்னாய்யா ஆசாரி, இப்பிடி உல்டாவா வெட்டி வச்சிருக்க?"

ஆசாரி லண்டன் புகைப்படத்தைப் பார்த்தார், மாதிரித் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் நகல் தாளின் ஒரு பிரதி அவர் பைக்குள் இருந்தது எனக்குத் தெரியும். எதையும் எறிய மாட்டார்; அதை எடுத்துக் காட்டினால் போதும்.

"தாளைத் திருப்பித்தானய்யா ஒட்டுனேன்," என்றார்.

"திருப்பி ஒட்டுனியா?"

"ஆமாய்யா. திருப்பித்தான் ஒட்டுனேன்."

"பாத்தியாப்பா தாவூது, அவனே ஒத்துக்கிட்டான்," என்று ஹாஜியார் என் பக்கம் திரும்பினார்.

நான் மாதிரித் தாளை எடுத்துக் கோப்பில் செருகினேன்.

வெளியே அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது பின்னாலேயே ஓடினேன். "ஏன் ஆசாரி அப்படிச் சொன்னீங்க?"

"நான் பொய் ஒண்ணும் சொல்லலையே தம்பி. திருப்பித்தானே ஒட்டணும்?" என்று சிரித்தார். "எனக்கு இது இல்லாட்டி சேலைக்கட்டை கெடக்கு. ஒமக்கு எழுத்து வேலைய விட்டா என்ன தெரியும், பூட்டுக்குச் சாவி ராவுவீரா? செத்த நேரத்துல அவுக கோவம் ஆறிரும். போங்க, உள்ள கூப்புடுறாக."

ஹாஜியாரின் கோபம் ஆறியது. ஆனால் 'உல்டா ஆசாரி' என்ற பெயர் கடைவீதியில் நின்றுவிட்டது. என் கதை வேறு பக்கம் போயிற்று. சரக்கு எங்களுடையதே என்று ஒவ்வொரு தோலாக அடையாளம் காட்ட, லண்டனுக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. "எதையும் எண்ணிப் பாக்கிறவன் நீதான், நீயே போ," என்றார் ஹாஜியார். பதினொரு வாரம் அந்தக் குளிர்ந்த கிடங்கில் கட்டுகளைப் பிரித்தேன். என் விரல்கள் தோலைத் தடவுவதைப் பார்த்த தலைமைத் தரம்பிரிப்பாளர், 'இவரைத் திருப்பி அனுப்பாதீர்கள்' என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் இங்கே தங்கினேன். வேலை, வீடு, மகளின் பள்ளி, மூவரின் கம்பளி உடைகள் எல்லாமே அந்த இடவலம் மாறிய கடிவாளத்திலிருந்து வந்தவை.

4

அருங்காட்சியகத்தில் எழுந்து புறப்படும் நேரம் மும்தாஜ் பணியாளரிடம் ஒன்று கேட்டாள்: கீழே இருக்கும் ஊர் உண்மையான ஊரா?

"உண்மையான ஊர் என்றுதான் அறிந்தவர்கள் சொல்கிறார்கள்," என்றார் அவர். "ஆனால் நேரில் போய்ப் பார்த்தால் இந்தப் பக்கம் இருப்பது அந்தப் பக்கம் இருக்கும். கலைஞர் பார்த்தபடியே தகட்டில் கீறியிருக்கிறார். தாளில் எடுத்தபோது இடவலம் மாறிவிட்டது. நேராக வர வேண்டுமென்றால் தகட்டில் திருப்பிக் கீறியிருக்க வேண்டும்."

மும்தாஜ் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். கலைஞரே அப்படி விட்டிருக்கிறாரே என்று எனக்கு ஒரு நொடி ஆறுதலாக இருந்தது. ஆனால் அவர் அந்தப் பழியை யார் தலையிலும் வைக்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். வாசலுக்கு எதிரிலேயே தபால் பெட்டி இருந்தது. மகள், அங்கே வாங்கிய அந்தப் படத்தின் அஞ்சலட்டையை ஹலீமாவிடம் எப்படிக் காட்டுவது என்று பேசிக்கொண்டு வந்தாள். நான் பெட்டியைத் தாண்டி நடந்துவிட்டேன்.

லுஹர் தொழுதுவிட்டு இரண்டு மணிக்கு உட்கார்ந்தோம். சீரகச் சம்பா இங்கே கிடைக்காது. இருக்கும் அரிசியில் ஹலீமா செய்திருந்தாள். நன்றாகவே இருந்தது. அஞ்சலட்டையை வாங்கிக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"இம்புட்டுப் பெரிய றெக்கை குடுத்தவன் ஒரு முழந் துணி குடுக்கக் கூடாதா?"

"அம்மா, இது ஆர்ட்."

"ஆர்ட்டா இருந்தாலும் குளிருமில்லடி. ஆறு புள்ள பெத்தவ மாதிரி இருக்கா பாவம். சரி, அவளை ஊறுகாய்ப் பாட்டில்கிட்ட சாச்சு வையி. என்னங்க, கதையச் சொல்லுங்க."

சொன்னேன். ஆறு ஆண்டுகளாகச் சொல்லும் அதே கதை. அதில் உல்டா ஆசாரி ஒரு மறதிக்காரர். தாளைத் திருப்பி ஒட்டிவிட்டு, ஹாஜியார் முன்னால் திருதிருவென்று விழிப்பார். அந்த இடத்தில் நான் அவர் குரலில் பேசிக் காட்டுவேன். ஹலீமா வழக்கம்போலச் சிரித்தாள். இந்தக் கப்பல் நாளில் மும்தாஜின் மடியில் பத்திரிகை இல்லை. அவள் சிரிக்கவும் இல்லை.

"அத்தா, ஒரு நிமிஷம். ஆசாரி தாளைத் திருப்பி ஒட்டுனாரா?"

"ஆமா."

"அப்ப முத்திரை சரியா வந்திருக்கணுமே."

எழுந்து போய் அடுப்பங்கரையிலிருந்து ஒரு வெண்ணெய்த் தாளைக் கொண்டுவந்தாள். அதில் ஒரு கை வரைந்தாள். "இது படம்." தாளை முகம் கீழாகத் தட்டில் வைத்தாள். "இது கட்டை. இப்ப இது மாறியிருக்கு. இதைக் குத்துனா மறுபடி நேராயிடும். அந்த மியூசியம் அங்கிள் சொன்னது இதான். திருப்பி ஒட்டுனா அது மிஸ்டேக் இல்ல, அதுதான் கரெக்ட்." தாளை இன்னொரு முறை புரட்டினாள். "தப்பா வரணும்னா ரெண்டு தடவை திருப்பியிருக்கணும். ரெண்டாவது தடவை யாரு?"

"சாப்புடுற தட்டுல என்னடி பென்சிலு," என்றாள் ஹலீமா. பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினாள்.

"ரெண்டாவது இல்ல," என்றேன். "முதல் தடவை. நான்தான்."

மேலே மூன்றாம் பகுதியில் எழுதியிருப்பதை அப்போதுதான் அவர்களுக்கு முதன்முறையாகச் சொன்னேன். முடித்ததும் ஹலீமா தட்டைத் தள்ளிவைத்தாள்.

"ஆறு வருசமா அந்த மனுசனை வச்சுச் சிரிச்சிருக்கோம்," என்றாள்.

கோட்டை எடுத்துவந்து, சின்ன முதலாளியின் கடிதத்தையும் என் பதிலையும் படித்துக் காட்டினேன். மும்தாஜ் பதிலை வாங்கிப் பார்த்தாள். தமிழ் எழுத்தை அவள் விரல் வைத்துத்தான் படிப்பாள். இரண்டே வரி, படிக்க நேரமாயிற்று.

"இதுல ஒண்ணுமே சொல்லலையே அத்தா."

"உண்மையை எழுதினா, என் கையெழுத்தை நம்பி அங்கேயும் இங்கேயும் சரக்கு வாங்கிறவங்க என்ன நெனப்பாங்க?"

"அது தெரியல. ஆனா இப்ப அவங்க ஆசாரியைத் தப்பா நெனக்கிறாங்கல்ல?" பிறகு கேட்டாள்: "அவரு பேரு என்ன? நான் அவரு பேரே உல்டான்னு நெனச்சிருக்கேன்."

"முத்தையா," என்றேன். "முத்தையா ஆசாரி."

வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னது அதுவே முதல் தடவை. இந்தக் குறிப்பில்கூட இதற்குமுன் எங்கும் நான் அதை எழுதவில்லை. அழித்துத் திருத்தாமல் அப்படியே விடுகிறேன்.

5

பிற்பகலில் மும்தாஜ் மேசையில் உட்கார்ந்து தன் நான்கு பக்கத்தை எழுதினாள். அஞ்சலட்டை அவள் முன்னால். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். பல மாதங்களுக்குப் பிறகு அவ்வளவு நேரம் ஒரே மேசையில் இருந்தோம். ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே இடையிடையே தமிழில் கேட்டாள்: வாருக்கு இந்த இடத்தில் ஏன் மடிப்பு? இரும்பு குதிரையின் வாயில் எப்படிப் போகும்? ஹாஜியார் சொன்னதை இன்னொரு முறை சொல்லுங்கள். 'குடுக்கிற கை, புடிச்சு நிறுத்துற கை' என்பதை அவள் கட்டுரையில் சேர்த்துவிட்டாள். திண்டுக்கல் தோல் வியாபாரி ஒருவர் தந்த விளக்கம் என்று. ஆசிரியை என்ன சொல்வாரோ தெரியாது.

நான் அஞ்சலட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே அவ்வளவு பெரியவள் போகிறாள்; கீழே ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவரவர் கூரைக்குள் அவரவர் வேலை. எனக்கு அவள் நீட்டியது கிண்ணம்தான்; எட்டு ஆண்டுகளாக அதிலிருந்து குடித்திருக்கிறேன். கடிவாளமும் எனக்கே உரியது. அது தவறாக முத்தையா ஆசாரியின் வாயில் மாட்டிக் கிடந்தது. அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சிரித்தபடி அதை வாங்கிக்கொண்டார். என்னிடம் அதை ஒருமுறைகூட நினைவூட்டவில்லை. ஊருக்கு இருமுறை போனேன். இருமுறையும் பேருந்து நிலையம் வரை வந்து நலம் விசாரித்தார். 'லண்டன்ல நல்ல மரம் கிடைக்குமா தம்பி?' என்றுதான் கேட்டார்.

எனக்கு நன்மை செய்தவர்களின் பெயர்கள் நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் வரிசையாக இருக்கின்றன: ஹாஜியார், தலைமைத் தரம்பிரிப்பாளர், முதல் குளிர்காலத்தில் போர்வை தந்த வீட்டுக்காரம்மா. மாலையில் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் வரிக்கு மேலே சிறிது இடம் இருந்தது. அங்கே முத்தையா ஆசாரியின் பெயரை எழுதி, அதன் எதிரே 'மகளையும் சேர்க்க' என்று குறித்தேன். நான் எண்ணிவிட்டுக் கடந்ததை இன்று பார்த்தவள் அவள். வெள்ளிக்கிழமை எழுதிய பதிலைக் கிழித்தேன். ஒன்பதரைக்குப் படுத்தேன்.

அக்டோபர் 18, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து நாற்பத்தைந்துக்கு எழுந்தேன். சுபுஹு முடிந்ததும், தேநீருக்குக்கூட அடுப்பு பற்றவைக்காமல், முதல் வேலையாக விமானக் கடிதத் தாள் ஒன்றை எடுத்து எழுதினேன்:

'அன்புள்ள சின்ன முதலாளிக்கு, தாவூது எழுதுவது. 1955-இல் முத்திரை மாறியதற்குக் காரணம் நான். முத்தையா ஆசாரியிடம் கொடுக்கும் முன்பே படத்தைத் திருப்பி வரைந்தவன் நான். மாதிரித் தாளில் சரி என்று ஒப்பமிட்டவனும் நான். அந்தத் தாள் பழைய கோப்பில் இருக்கும், பார்க்கவும். இதைக் கடைவீதியில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டவும். புதுக் கட்டையை அவரிடமே கொடுக்கவும். படத்தை நேராகவே கொடுங்கள். திருப்புவது அவர் வேலை.'